கேளுங்க, சொல்றோம்: சென்னைக்கே ஹெட் ஆபீஸா இருந்த தேவனாம்பட்டினம்

கேள்வி: சென்னையில வேலை பாக்குற என் பையன் "எங்க கடலூர் ஒருகாலத்துல கேபிடல்"னு ஆபீஸ்ல சொல்லியிருக்கான், "புயல் நியூஸ்ல மட்டும் வருமே அந்த ஊரா"ன்னு கலாய்ச்சிட்டாங்களாம். நெசமா இருந்துச்சா, இல்ல நாமளா சொல்லிக்கிறதா?
(மஞ்சக்குப்பம் வாசகி)

சிரிக்கட்டும் விடுங்கம்மா, அந்த சென்னைக்கே ஆறு வருஷம் நம்ம ஊரு தான் ஹெட் ஆபீஸ். 1746 செப்டம்பர்ல பிரெஞ்சு தளபதி லபூர்தொனே கப்பலோட வந்து சென்னை ஜார்ஜ் கோட்டைய புடிச்சிட்டாரு, கும்பினிக்காரனுக்கு, அதான் இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, ஓடி ஒளிய இருந்தது நம்ம கடலூர் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டை, அதனால மெட்ராஸ் நிர்வாகம் மொத்தமும் மூட்டை கட்டிகிட்டு கெடிலம் ஆத்தங்கரைக்கு வந்துடுச்சு. அப்போ சாதா குமாஸ்தாவா இருந்த ராபர்ட் கிளைவ், நம்ம ஊரு ஆளு மாதிரி வேஷம் போட்டு சென்னையிலேர்ந்து தப்பிச்சு வந்து சேந்ததும் இங்க தான். 1749ல சென்னை திரும்ப கைக்கு வந்தும் அவங்க உடனே கெளம்பல, 1752 வரைக்கும் இங்கயே தான். 1751ல கிளைவ ஆற்காட்டுக்கு அனுப்புனாரே கவர்னர் சாண்டர்ஸ், அவரு உக்காந்து உத்தரவு போட்டது சில்வர் பீச்சுக்கு பக்கத்துல. பையன்கிட்ட சொல்லி வைங்க, அடுத்த லஞ்ச் டைம்ல எடுத்து விடட்டும்.

கேள்வி: குண்டு உப்பலவாடி, குண்டு சாலைன்னு எங்க பக்கம் பேர்லயே குண்டு இருக்கே, என்ன சங்கதி?
(செம்மண்டலம் வாசகர்)

பீரங்கிக் குண்டு தான். 1690ல செஞ்சி மராட்டியர்கிட்ட கும்பினி இந்தக் கோட்டைய வெலைக்கு வாங்குச்சு, எலிஹு யேல் அப்போ சென்னையில கவர்னர். பத்திரத்துல எல்லை எப்படின்னா, கோட்டையிலேர்ந்து சுட்டா குண்டு எவ்ளோ தூரம் போய் விழுதோ அதுவரைக்கும் நெலம் ஒங்களுது! சர்வேயரும் இல்ல சங்கிலியும் இல்ல. வெள்ளக்காரன் லேசுப்பட்டவனா, நல்லா தூரம் போற பீரங்கியா பாத்து வையி, மிச்சம் சுடுறவன் கைத்திறமைன்னு சென்னையிலேர்ந்து சொல்லி அனுப்பி, நாலா பக்கமும் சுட்டு ஊர் ஊரா வளைச்சுப் போட்டுட்டான். அப்படி சிக்குன ஊருங்களுக்கு குண்டு கிராமம்னே பேரு, ஒங்க பக்கத்து பேருங்களும் அந்த வழியா வந்தது தான்னு ஊர்ப் பெரியவங்க சொல்லுவாங்க. இன்னைக்கு அரை சென்ட்டுக்கு கோர்ட்டு படி ஏறுற நமக்கு இதக் கேட்டா வயிறு எரியும்.

கேள்வி: எங்க பாண்டிக்காரங்க சென்னையவே புடிச்சாங்க, 20 கிலோமீட்டர் சொச்சத்துல இருக்குற ஒங்க கோட்டைய விட்டு வச்சாங்களா?
(முத்தியால்பேட்டை வாசகர்)

விட்டு வைக்கல சார், பாண்டி பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே பல தடவ ஆள் அனுப்பி பாத்தாரு, முடியல. 1748ல இங்கிலீஷ் கடற்படைத் தளபதி போஸ்கவன் பதிலுக்கு ஒங்க ஊர முற்றுகை போட்டு, மழையிலயும் சீக்குலயும் மாட்டி வெறுங்கையோட திரும்புனாரு, ஆக அப்போதைக்கு டிரா. அப்புறம் 1758 ஜூன்ல பிரெஞ்சு தளபதி லாலி வந்து எங்க கோட்டைய புடிச்சு, சும்மா புடிச்சா போதாதுன்னு இடிச்சும் தள்ளிட்டாரு. 1761ல பாண்டிய புடிச்சப்போ இங்கிலீஷ்காரன் அதுக்கு வட்டியும் மொதலுமா ஒங்க கோட்டைய தரைமட்டமாக்கிட்டான். சண்டை ரெண்டு வெள்ளக்காரனுக்கு, இடிபட்டது நம்ம ரெண்டு ஊரு.

கேள்வி: அந்தக் கோட்டை இப்போ எங்க சார் இருக்கு? பிள்ளைங்கள கூட்டிட்டு போய் காட்டணும்.
(திருப்பாதிரிப்புலியூர் வாசகி)

பெருசா நெனச்சிட்டு போகாதீங்கம்மா. தேவனாம்பட்டினத்துல கெடிலம் கரையோரம் இடிஞ்ச செங்கல் சுவரு கொஞ்சம், சுத்தி முள்ளுச்செடி, அவ்ளோ தான். செருப்பு போட்டு கூட்டிட்டு போங்க, வெயில் தாழ போனீங்கன்னா அப்படியே பீச்சுல சுண்டல் வாங்கிக் குடுத்து பிள்ளைங்கள சமாதானப்படுத்திடலாம்.