கப்பலில் குடித்தனம், கேபினில் ஆபீஸ்

கேள்வி: எனக்கு 42 வயது. தனியாக வாழ்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்கு வேலையை முழுக்க ஆன்லைனில் செய்து தருகிறேன். மூன்று வருடம் உலகைச் சுற்றும் கப்பல் ஒன்றில் மொத்தமாகப் பணம் கட்டி ஒரு கேபின் எடுத்து, அங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆசை. வீட்டை விற்றால் பணம் வந்துவிடும். அப்புறம் சமையல் இல்லை, கரண்ட் பில் இல்லை, ரிப்பேர் செலவு இல்லை. "உனக்கென்ன கிறுக்கா?" என்கிறாள் அக்கா. நீங்களும் அதையேதான் சொல்வீர்களா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கிறுக்கு என்று சொல்ல மாட்டேன். இருபது வருடத்துக்கு மேலாகப் பயணக் கப்பல்களிலேயே காலம் தள்ளிக்கொண்டு, லேப்டாப்பிலேயே முதலீட்டுத் தொழில் நடத்துகிற ஒருவரைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வந்திருக்கிறது. 'தி வேர்ல்டு' என்ற கப்பல் 2002-இலிருந்து ஓடுகிறது. அதில் 165 வீடுகள். குடியிருப்பவர்களே கப்பலுக்கும் சொந்தக்காரர்கள். ஆக, நடக்காத காரியம் இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்குத் திக்கென்றது கப்பல் அல்ல, 'வீட்டை விற்றால்' என்ற இடம்தான்.

'லைஃப் அட் சீ' என்று ஒரு மூன்று வருடப் பயணம் 2023-இல் விளம்பரப்படுத்தப்பட்டது. நவம்பர் 1 அன்று இஸ்தான்புல்லிலிருந்து புறப்பட வேண்டும். தேதி தள்ளிப் போனது, புறப்படும் ஊர் மாறியது, அந்த மாதமே பயணம் ரத்து. காரணம் என்ன தெரியுமா? அதற்கென்று பேசி வைத்திருந்த கப்பலை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது. வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள் பெட்டியோடு நின்றார்கள். அடுத்த வருடம் 'வில்லா வீ ஒடிசி' என்ற இன்னொரு கப்பல் 2024 மே கடைசியில் பெல்ஃபாஸ்டிலிருந்து கிளம்ப வேண்டியது, பழுதுபார்ப்பு இழுத்துக்கொண்டே போய்ச் செப்டம்பர் கடைசியில்தான் கிளம்பியது. இத்தனைக்கும் அதில் கப்பல் கண்ணெதிரே இருந்தது. மூன்று வருடப் பணத்தை ஒரே கையில் கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு இந்த இரண்டு கதை போதும்.

வேறு வழி இருக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கம்பெனிக் கப்பல்களில் அடுத்தடுத்த பயணங்களாகப் பதிவு செய்துகொண்டே போவது. பிடிக்கவில்லையா, அந்தப் பயணம் முடிந்ததும் இறங்கிவிடலாம். தொல்லை இல்லாமல் இல்லை. ஒரே கேபின் கிடைக்காவிட்டால் ஒவ்வொரு பயணம் முடியும்போதும் மூட்டை கட்டி இன்னொரு கேபினுக்கு மாற வேண்டும். கட்டணத்தை ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்ற கணக்கில்தான் போடுகிறார்கள். தனி ஆள் பல சமயம் ஏறக்குறைய இரண்டு பேர் பணத்தையும் கட்ட வேண்டிவரும். அதற்கு மேல் பல கப்பல்களில் பணியாளர் டிப்ஸ் என்று தினமும் தலைக்கு 16 முதல் 20 டாலர் வரை. இன்டர்நெட் தனி, துணி துவைப்பது தனி. கரண்ட் பில் இல்லை என்று சந்தோஷப்படும் முன் இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். நீங்கள் கணக்கு பார்ப்பவர், நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி வேலைக்கு வருவோம். பலர் இன்டர்நெட்டைப் பற்றி மட்டும்தான் கவலைப்படுகிறார்கள். அது இப்போது பரவாயில்லை. முன்பு சிக்னல் 36,000 கிலோமீட்டர் உயரத்து செயற்கைக்கோளுக்குப் போய் வர வேண்டியிருந்தது. நீங்கள் ஒன்று கேட்டால் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். 2022-இலிருந்து பெரிய கம்பெனிகள் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இன்டர்நெட்டுக்கு மாறின. அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் வீடியோ மீட்டிங்கே நடத்தலாம். ஆனால் அனுமதி தராத நாடுகளின் கடல் எல்லைக்குள் அதை அணைத்துவிடுவார்கள். சில கப்பல்களின் மலிவான பேக்கேஜில் விபிஎன், அதாவது இன்டர்நெட் வழியே ஆபீஸுக்குள் பாதுகாப்பாக நுழையும் தனிப்பாதை, வேலை செய்யாது. உங்கள் ஆபீஸ் கணக்குக்குள் நுழைய விபிஎன் வேண்டுமென்றால் பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி வேறு. நடுக்கடலில் கப்பலின் சொந்த மொபைல் சேவையில் போன் ஒட்டிக்கொண்டால் பில் மிரட்டும் என்பதால் எல்லோரும் ஏரோப்ளேன் மோடில் வைத்திருப்பார்கள், எஸ்எம்எஸ் வராது. வங்கியிடம் ஆப் மூலம் சரிபார்க்கும் வசதி இருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

என் பார்வையில் பெரிய எதிரி கடிகாரம். கிழக்கே போகும் கப்பலில் சில நாளுக்கொருமுறை ராத்திரியில் ஒரு மணி நேரத்தைத் திருடிக்கொள்வார்கள். உங்கள் ஆபீஸ் இருந்த இடத்தில் இருக்கும், நீங்கள் நகர்ந்துகொண்டே இருப்பீர்கள். காலை பத்து மணி மீட்டிங் மெல்ல மெல்ல நள்ளிரவுக்கு வந்து சேரும். பசிபிக்கை மேற்காகக் கடந்தால் காலண்டரில் ஒரு நாளே காணாமல் போகும். அது மாதக் கடைசி நாளாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உலகத்தை முழுக்கச் சுற்றுவதை விட ஒரே பகுதியில் ஓடும் கப்பல் உங்களுக்கு நல்லது.

கேபினில் மேசை என்பது கண்ணாடி பதித்த ஒரு பலகை. மீட்டிங் முழுக்க லேப்டாப்புக்கு மேலே உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பிளக் பாயின்ட் ஒன்றிரண்டுதான். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு கொண்டுபோனால் தீ ஆபத்து என்று ஏறும்போதே பிடுங்கிக்கொள்வார்கள். நீங்கள் லாபம் நஷ்டம் பேசிக்கொண்டிருக்கும்போது ஏழு குட்டைச் சங்கும் ஒரு நீளச் சங்கும் கப்பலே அதிர ஒலிக்கும். பயப்படாதீர்கள், பெரும்பாலும் ஊழியர்களின் அவசரகாலப் பயிற்சிதான். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில்தான் அதை வைப்பார்கள், ஊர் சுற்றப் போகாமல் வேலை பார்க்க உட்கார்ந்தவருக்குத்தான் தொல்லை. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் விடுமுறையில் இருக்கிறார்கள் என்பதும் லேசுப்பட்டதல்ல. முதல் வாரம் அது உற்சாகம் தரும், மூன்றாவது மாதம் எரிச்சல் தரும் என்பது என் ஊகம்.

விசா விஷயத்தில் கப்பலில் இருப்பதால் பெரிய சலுகையை எதிர்பார்க்காதீர்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான். மத்தியதரைக் கடலிலேயே கோடை முழுவதும் சுற்றினால் அது தீர்ந்துவிடும். அடுத்தடுத்துப் பதிவு செய்பவர்கள் மாட்டிக்கொள்கிற இன்னொன்று, அமெரிக்காவின் 1886-ஆம் வருடச் சட்டம். வெளிநாட்டுக் கொடிக் கப்பல் தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவரை வேறொன்றில் இறக்கக் கூடாது. சியாட்டிலில் ஏறி அலாஸ்கா வழியாகக் கனடாவின் வான்கூவர், அங்கிருந்து அதே கப்பலில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால், தனித்தனியாகச் சரியான இரண்டு பயணம் சேர்ந்து ஒரு குற்றமாகிவிடும். வான்கூவர் தொலைதூரக் கணக்கில் வராது.

உடம்பு விஷயம். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் பெரிதாக எதுவும் வந்தால் ஒரு நிலைக்குக் கொண்டுவந்து கரையிறக்கத்தான் பார்ப்பார்கள். ஹெலிகாப்டரோ விமானமோ வந்தால் செலவு பல ஆயிரம் டாலர். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஒரு பயணத்துக்கு இத்தனை நாள்தான் என்று வரம்பு இருக்கும், படித்துப் பாருங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்று: உங்கள் நிறுவனத்துக்கு இது தெரியுமா? 'எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை' என்பதற்கு நாடு விட்டு நாடு என்று அவர்கள் அர்த்தம் வைத்திருக்க வேண்டுமென்பதில்லை. வரி, தகவல் பாதுகாப்பு என்று இரண்டு துறைகள் மறுப்புச் சொல்லலாம். பஹாமாஸ் கொடி பறக்கும் கப்பலில் இருப்பதால் நீங்கள் பஹாமாஸ்காரர் ஆகிவிட மாட்டீர்கள், பழைய இடத்து வரியும் தானாகப் போய்விடாது. அக்காவைச் சமாதானப்படுத்துவதற்கு முன்னால் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அனுமதி கிடைத்தால், முதலில் சோதனைக்கு இரண்டு பயணங்களை ஒட்டினாற்போல் பதிவு செய்யுங்கள். நடுவில் மாதக் கடைசி வர வேண்டும். தொடர்ந்து நாலைந்து நாள் கரையே தொடாத பயணமாக ஒன்று இருக்கட்டும். ஆட்டம் குறைவாக இருக்கும் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்கள். லீவு மட்டும் போடாதீர்கள், ஒரு நாள்கூட. அந்த மாதக் கணக்கு நேரத்துக்கு முடிந்ததா, மறுநாள் எழுந்து இன்னொரு மாதம் இருக்கலாம் என்று தோன்றியதா என்று பாருங்கள். வீட்டை அதுவரை தொட வேண்டாம். அப்புறமும் போவதென்றால் வாடகைக்கு விடுங்கள், ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம்.