பின்காணிப் பாதைக்குப் பூட்டு

கேள்வி: அம்மம்மாவின் காணியை அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிரித்துச் சீதனமாக எழுதினார்கள். வீதிப்பக்கத் துண்டு பெரியம்மாவுக்கு, பின்துண்டு அம்மாவுக்கு. பெரியம்மாவின் துண்டில் இப்போது அக்காவும் அத்தானும் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலியோரமாகத்தான் நாங்கள் தோட்டத்துக்குப் போய்வருவோம். கிணறு எங்கள் துண்டில், அதில் அவர்களுக்குப் பாதிப் பங்கு. இந்தமுறை உழுவதற்கு லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கொண்டுபோனேன், சண்டை வந்தது. போன கிழமை அத்தான் படலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். வெங்காயம் நிலத்தில் நிற்கிறது. பூட்டை உடைக்கலாமா?
– வாசகர், நீர்வேலி

பதில்: உடைக்க வேண்டாம். உடைத்தால் நாளைக்குப் பொலிஸில் முறைப்பாட்டுக்குப் பதில் சொல்பவர் நீங்களாகிவிடுவீர்கள். கிணற்றிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகும் குழாயை வெட்டும் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். அந்தக் கிணற்றுப் பங்குதான் பேச்சில் உங்கள் கையிலுள்ள பலம்.

முதலில் சீதன உறுதிகள் (காணிப் பத்திரங்கள்) இரண்டையும் எடுத்து வையுங்கள். அக்காவின் உறுதி கைக்கு வராவிட்டால் யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்தில் அதன் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். எல்லைகளைச் சொல்லி முடித்தபின் வரும் கடைசி வரிகளைப் பாருங்கள். 'கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்' என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் பாதிக் கரைச்சல் தீர்ந்தது. பாதையை இரு துண்டுக்கும் பொதுவாக விட்டிருந்தால் நீங்கள் அதற்குப் பங்காளி. அக்காவின் காணிக்கு மேலாக வழி தந்திருந்தால், நிலம் அவருடையது, நடக்கும் உரிமை உங்களுடையது. இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு என்பதால் ஊர்ப் பேச்சை நம்பாமல் வரியை வாசியுங்கள்.

உறுதியில் ஒன்றுமே இல்லையென்றால் ஆட்சியைக் காட்ட வேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, 10 ஆண்டுகள் இடையறாமல், யாருடைய தயவிலும் இல்லாமல், உரிமையாகப் பாவித்த பாதை உங்களுக்கு உரித்தாகும். 1995 இடப்பெயர்வு இடையில் வருவதால், ஊர் திரும்பியதற்குப் பிந்திய 10 ஆண்டுகளைக் காட்டுவதே பாதுகாப்பு. 'தயவிலும் இல்லாமல்' என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வெங்காயம் வாடுகிறதே என்ற பதற்றத்தில் 'அறுவடைவரை போய்வர அனுமதி தாருங்கள்' என்று கடிதம் எழுதிவிடுவார்கள், அல்லது பொலிஸ் நிலையத்தில் அப்படியொரு தாளில் கையெழுத்து வைப்பார்கள். அனுமதி கேட்டு நடந்தவருக்கு ஆட்சி இல்லை என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தத் தாளையே நீட்டுவார். 'எங்கள் பாதை உரிமைக்குப் பாதகமில்லாமல், பயிர் காக்கும் தற்காலிக ஏற்பாடாகப் பூட்டின் திறப்பு (சாவி) ஒன்று' என்று எழுதிக் கேளுங்கள். கிராம அலுவலர் முன்னிலையில் கொடுத்து, பிரதியில் திகதியோடு ஒப்பம் வாங்குங்கள்.

கடிதத்தை அத்தானுக்கு மட்டும் எழுதாதீர்கள். சீதனக் காணி அக்காவின் பெயருக்கு வந்திருந்தால் சொந்தக்காரர் அவர்தான். ஆனால் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட மனைவி தன் காணியில் ஓர் உரிமையை எழுதிக் கொடுக்க, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஆகவே முடிவில் இருவரும் கையெழுத்திட வேண்டும். உங்கள் பக்கத்தில் காணி அம்மாவின் பெயரில் இருந்தால் அவரே ஒப்பமிடுவார், முடியாவிட்டால் தன் சார்பில் ஒப்பமிட உங்களுக்கு அற்றோணித் தத்துவம் எழுதித் தரட்டும்.

அத்தான் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆள் நடக்கும் உரிமை வாகனம் ஓட்டும் உரிமையாகிவிடாது. இவ்வளவு காலமும் மண்வெட்டியோடும் சைக்கிளோடும் போன பாதையில் லாண்ட்மாஸ்ரர் இறங்கியது புதுச் சுமை. அகலம் எழுதாத உறுதிகளில் வழக்கமாக இதில்தான் சண்டை வெடிக்கும். இன்னொன்று: பின்பக்கத்துக் காணிக்காரர் தன் வரம்பால் போகவிடுகிறார் என்றால் அதையே பழக்கமாக்காதீர்கள். வேறு வழியில்லை என்று கேட்கும் தேவைவழி வாதம் அதனால் பலவீனப்படும்.

பூட்டையும் படலையையும் வேலியையும் படமெடுத்து வைத்து, பொலிஸில் முறைப்பாடு பதிந்து பிரதி எடுங்கள். அடுத்தது மத்தியஸ்த சபை. காணிப் பிணக்குக்கான விசேட மத்தியஸ்த சபை யாழ் மாவட்டத்துக்கும் உண்டு, பிரதேச செயலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். அங்கே சட்டத்தரணிகள் பேசுவதில்லை, தீர்ப்பும் கிடையாது. அங்கே விட்டுக்கொடுத்துப் பேசியதைப் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது. இணங்காவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள், பத்திரமாக வையுங்கள்.

கைகலப்பு வருமென்ற நிலை வந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் பொலிஸாரோ நீங்களோ நீதிமன்றம் போகலாம். பாதை போன்ற உரிமைகளுக்கு 69ஆம் பிரிவு. பாதை இரு துண்டுக்கும் பொதுவான நிலமாக இருந்தால், நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். உடைமையை இழந்து 2 மாதத்துக்குள் வழக்குப் பதிய வேண்டும், அதனால் மத்தியஸ்தம் இழுபடுகிறது என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கட்டளையும் தற்காலிகமே. நிரந்தர முடிவு மாவட்ட நீதிமன்றத்தில், அது ஆண்டுக்கணக்கில் போகும். எங்கள் எண்ணம், அக்காவோடு ஓர் உறுதி எழுதிவிடுவதே மலிவு.

கேட்க வேண்டியது 8 அடி அகலம். லாண்ட்மாஸ்ரர் பெட்டியோடு தாராளமாகப் போகும். பாதை 100 அடி நீளமென்றால் 800 சதுர அடி, அதாவது 5 குழிக்குச் சற்று மேல், 3 பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு. அளவைக் கண்ணால் பார்த்தால் அத்தானின் கோபம் கொஞ்சம் தணியலாம். அதற்கும் மனமில்லாவிட்டால் உங்கள் துண்டில் அதே 5 குழியை அவர்கள் எல்லையோடு சேர்த்துக் கொடுத்துப் பரிவர்த்தனை உறுதி முடிக்கலாம். நிலம் கைமாறாமல் உரிமை மட்டும் போதுமென்றால், அவர்கள் பாதையைத் தர, நீங்கள் கிணற்றுப் பங்கையும் குழாய் போகும் தடத்தையும் உறுதிப்படுத்துங்கள். இரண்டும் ஒரே உறுதியில் இருக்கட்டும்.

நில அளவையாளர் வரும்போது இரு வீட்டாரும் நில்லுங்கள். பழைய கதியாலுக்கு (வேலிக்கு நட்ட உயிர்த்தடி) வெளியே புதுக்கதியால் நட்டு வேலி நகர்ந்திருந்தால் அன்றைக்குத் தெரிந்துவிடும். பாதையைத் தனித் துண்டாகப் படத்தில் காட்டச் சொல்லுங்கள். படலை இருக்கலாம், திறப்பு இரண்டு. வாகனம் பகலில் மட்டும். கிணற்றில் யாருக்கு எந்த நேரம் இறைப்பு, மோட்டரின் மின்கட்டணம் யார் கணக்கு என்பதையெல்லாம் எழுதுங்கள். இரு மோட்டரையும் ஒரே நேரத்தில் போட்டு வற்ற இறைத்தால், இந்தச் சுண்ணக்கல் நிலத்தில் தண்ணீர் உவராகலாம், இடைவெளி விட்டு முறை வையுங்கள்.

நொத்தாரிசு முன் முடித்தபின் அந்த உறுதி இரு காணிகளின் பதிவேட்டிலும் ஏற வேண்டும். உங்கள் பக்கத்தில் மட்டும் பதிந்து விட்டால், அக்கா பிள்ளைகள் நாளைக்கு விற்கும்போது வாங்குபவர் அந்தப் பக்கத்தில் பாதையைக் காணமாட்டார்.