காலடியில் மூடுபனி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பினாங்குக் கொடிமலைக்கு இதுவரை மூன்று முறை குடும்பத்தோடு போய் வந்துவிட்டோம். மூன்று முறையும் உச்சியில் பனி சூழ்ந்துகொண்டு, பத்தடிக்கு அப்பால் நிற்பவர்கூடத் தெரியாத நிலையில் திரும்பினோம். மலைமேல் நிற்பவரின் காலடியில் பனி வெண்கடலாக விரிந்து கிடக்கும் படங்களை உறவினர்கள் அனுப்பும்போது ஏக்கமாக இருக்கிறது. எங்களுக்கு மட்டும் அது ஏன் வாய்ப்பதில்லை?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, மூன்று முறையும் நீங்கள் மேகத்தின் உள்ளே நின்றிருக்கிறீர்கள், படம் எடுத்தவர்கள் மேகத்துக்கு மேலே நின்றிருக்கிறார்கள். இந்த இரண்டும் வெவ்வேறு வழிகளில் உண்டாகின்றன. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று பினாங்குத் தீவின் சரிவுகளில் மோதி மேலேறும்போது குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தையும் ஆவியாகவே தாங்கிக்கொள்ள முடியாததால், மலையின் மேற்பகுதியிலேயே அது மேகமாகிவிடுகிறது. கொடிமலைத் தொகுதியின் மிக உயர்ந்த இடமே 833 மீட்டர்தான். ரயில் நின்று நீங்கள் இறங்கும் இடம் அதைவிடத் தாழ்ந்தது. அப்படிப்பட்ட நாள்களில் மேகத்தின் அடிப்பகுதி உங்கள் காலுக்குக் கீழேயும், அதன் மேற்பகுதி தலைக்கு மேல் வெகு உயரத்திலும் இருக்கும்.

படங்களில் காணும் வெண்கடலுக்கு வேறு பிறப்பு. வானம் தெளிந்திருக்கும் இரவில் நிலம் தன் வெப்பத்தை விண்ணுக்கு இழந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனமாகி, சரிவுகளில் தண்ணீரைப்போல வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. தேங்கிய காற்றில் போதிய ஈரம் இருந்தால் அது மூடுபனியாகிறது. அதற்கு மேலுள்ள காற்று கீழே இருப்பதைவிட வெதுவெதுப்பாக இருப்பதால், பானையை மூடிய தட்டைப்போல அது பனியை மேலெழ விடாமல் அழுத்திப் பிடிக்கிறது. பனியின் மேற்பரப்பு கத்தியால் சீவியதுபோல மட்டமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இப்போது ஜார்ஜ் டவுனை நினைத்துப் பாருங்கள். கடலை ஒட்டி நீண்டிருக்கும் முனை அது. அந்தக் கடலோ இரவிலும் வெதுவெதுப்பாகவே இருப்பது. காற்று குளிர்ந்து தேங்குவதற்கு அங்கே பள்ளத்தாக்கும் இல்லை, போதிய குளிர்ச்சியும் இல்லை. ஆகவே நகரத்தை வெண்கடல் மூடிக் கிடக்க, கொடிமலையில் நின்று அதைக் காணும் வாய்ப்பு மிகவும் அரிது. இரவு மழை பெய்து ஓய்ந்த விடியலில், ஆயர் ஈத்தாம் பக்கத்து மலை மடிப்புகளில் மேகத் துண்டுகள் துகில்போலத் தொங்குவதைக் காணலாம், அதுவும் அழகுதான். விரிந்த பனிக்கடலையே காண விரும்பினால் கடலை விட்டு விலகி உள்நாட்டுப் பக்கம் போக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து போகக்கூடியது கெடாவின் பாலிங் பகுதி. அங்குள்ள சுண்ணாம்புக் குன்று செங்குத்தானது. பழக்கமுள்ள வழிகாட்டியோடு பெரியவர்கள் மட்டும் ஏறுங்கள், சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம்.

கேள்வி: கோலாலம்பூரில் வேலை செய்கிறேன். உயரமான மலைக்குப் போனால் பனிக்கு மேலே நிற்கலாம் என்று நம்பி, கெந்திங் மலைக்கு இரண்டு முறை விடியற்காலையில் போய் ஏமாந்தேன். புரோகா குன்றே போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 400 மீட்டர் உயரம் எப்படிப் போதும்?
— இளைஞர், செந்தூல்

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. பள்ளத்தாக்கில் தேங்கும் பனியின் கனம் பல நாள்களில் நூறு, இருநூறு மீட்டரைத் தாண்டுவதில்லை. அதற்கு மேலே தலை நீட்டும் குன்று எதுவானாலும் போதும். செமினியை ஒட்டிய புரோகாவும், உலு லங்காட் பக்கத்துக் குன்றுகளும் இத்தகையவை. ஆறும் தோட்டங்களும் உள்ள பள்ளங்கள் அவற்றின் அடியில் இருக்கின்றன. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரமுள்ள கெந்திங் மலையோ கொடிமலையைப்போலத் தானே மேகம் பிடிக்கும் மலை. அதன் உச்சியிலிருந்து வெண்கடலைக் கண்டவர்கள் உண்டு. வெள்ளை இருட்டைக் கண்டு திரும்பியவர்கள் அவர்களைவிட அதிகம்.

என்னிடம் இதைக் கேட்கும் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: மலையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் முந்தைய இரவைப் பாருங்கள். மாலையில் நல்ல மழை பெய்து மண் நனைந்திருக்க வேண்டும். நள்ளிரவுக்குள் வானம் வெளுத்து விண்மீன்கள் தெரிய வேண்டும். மேகம் போர்த்திய இரவில் நிலத்தின் வெப்பம் வெளியேறாது. மரத்தின் இலை அசையாத அளவுக்குக் காற்று அடங்கியிருக்க வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு வாசலில் நிற்கும் காரின் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். கை நனையும்படி பனித்துளி படிந்திருந்தால் தயங்காமல் புறப்படுங்கள், காய்ந்திருந்தால் மீண்டும் படுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மேற்குக் கரையில் மாலை இடிமழை அதிகம் என்பதால், இத்தகைய இரவுகளும் அப்போது அதிகம் அமைகின்றன.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரம் சபா, சரவாக் நேரத்தோடு இணையும்படி அரை மணி முன்னே தள்ளப்பட்டதால், நமக்குப் பொழுது விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான். ஆறே முக்காலுக்கு உச்சியில் இருந்தால் போதும். ஆனால் கதிரவன் எழுந்ததைப் படம் பிடித்தவுடன் பலர் இறங்கிவிடுகிறார்கள். அது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. உண்மையான காட்சி அதன் பிறகுதான் தொடங்குகிறது. வெயில் பட்டதும் பனியின் மேற்பரப்பு அலையலையாக அசையத் தொடங்கும்; மரத்தலைகள் ஒவ்வொன்றாகத் தீவுகளைப்போல வெளிப்படும்; எட்டு மணி தாண்டும்போது சரிவு சூடாகி, மேலேறும் காற்று பனியைத் தூக்கிவர, சில நாள்களில் நீங்கள் நிற்கும் குன்றையே அது விழுங்கிச் சற்று நேரத்தில் கலைந்துபோகும். அதுவரை பொறுத்திருங்கள்.

நகரை ஒட்டிய தாபூர் குன்றைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். படிகக்கல் முகடு, அணைக்கட்டு, பனி ஆகிய மூன்றும் ஒன்றாகத் தெரியும் அரிய இடம் அது என்பது உண்மை. ஆனால் கூரிய, வழுக்கும் பாறையில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க வேண்டாம். ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியுமானால் பகாங்கின் சுங்கை லெம்பிங்குக்குப் போங்கள். பழைய ஈயச் சுரங்க ஊர் அது. அங்குள்ள பனோராமா குன்றில் ஏறிப் பார்த்தால், மலாய் நண்பர்கள் ‘ஆவான் கார்ப்பெட்’ என்று சொல்லும் மேகக் கம்பளம் என்ன என்பது விளங்கும்.

கேள்வி: மலையிலிருந்து கீழே வெண்மையாகத் தெரிவது பனியா, புகைமூட்டமா என்று எப்படி அறிவது?
— வாசகர், சுங்கை ஆரா

பதில்: பனி வெளுத்திருக்கும், மேற்பரப்பு தெளிவான கோடாகத் தெரியும், வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்குள் கலையும். புகைமூட்டம் பழுப்பும் சாம்பலும் கலந்திருக்கும், விளிம்பு தெரியாமல் தொடுவானம் வரை பரவும், நண்பகலிலும் அப்படியே நிற்கும். தொண்டை கரகரத்தாலோ, எரிந்த வாடை வந்தாலோ ஐயமே வேண்டாம். 1997, 2015 ஆண்டுகளின் அனுபவத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை புறப்படுவதற்கு முன் காற்று மாசுக் குறியீட்டைப் பாருங்கள். அது 100ஐத் தாண்டிய நாளில் மலையேற்றம் வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலியும் உண்டு. அவரை எங்கே அழைத்துச் செல்லலாம்?
— வாசகி, பிறை

பதில்: கார் போகும் மலைகளைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பக்கத்திலிருந்தே தெரியும் ஜெராய் மலையில் 1,217 மீட்டர் உச்சிக்கு அருகில் வரை சாலை உண்டு. தங்கும் இடமும் இருப்பதால் இரவே போய்ச் சேர்ந்து, விடியலில் அறை வாசலில் நின்றே கெடாவின் வயல்வெளியைப் பார்க்கலாம். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் கேமரன் மலையே மேல். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பனி தேங்குவதை நாற்காலியில் அமர்ந்தபடியே காணலாம். அம்மாவுக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்; ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறு பாகை வீதம் குளிர் கூடும்.

பனிக்கடல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றால் கொடிமலைக்கே அழைத்துச் செல்லுங்கள். 1923இல் ஓடத் தொடங்கிய பழைய ரயிலில் நடுவழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. என் பாட்டி அந்த இடத்தில் என் தோளைப் பற்றிக்கொண்டு இறங்கியது நினைவிருக்கிறது. 2011 முதல் ஓடும் ரயிலில் அந்தச் சிரமம் இல்லை. மேலே அருளொளி திருமுருகன் ஆலயத்தில், பனிக்குள்ளிருந்து மணியோசை மட்டும் வந்து சேரும் காலை வேளை முதியவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: கேமரனின் பிரிஞ்சாங் உச்சியில், கீழேயிருந்த பனியில் என் நிழல் நீண்டு விழுந்தது; நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையம் இருந்தது. அருகில் நின்ற தோழியோ, தன் தலையைச் சுற்றித்தான் இருந்தது என்கிறாள். யார் சொல்வது சரி?
— ஆசிரியை, கிள்ளான்

பதில்: இருவர் சொல்வதும் சரி. உங்கள் முதுகுக்குப் பின்னே இருந்த கதிரவனின் ஒளி, எதிரேயிருந்த நுண்ணிய பனித்துளிகளில் பட்டு, வந்த வழியே உங்கள் கண்ணுக்குத் திரும்பியிருக்கிறது. அவரவர் கண்ணுக்குத் திரும்பும் ஒளி வேறு என்பதால், அவரவர் தலையைச் சுற்றியே அவரவருக்கு வளையம் தெரியும். விமானத்தின் நிழல் மேகத்தில் விழும்போதும் இதே வளையத்தைக் காணலாம்.

உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி. 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சி ஆய்வகத்தில் சில வாரங்கள் தங்கிய சி. டி. ஆர். வில்சன் என்ற இளம் அறிவியலர் இந்த வளையங்களைக் கண்டு வியந்தார். அவற்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்க விரும்பிக் கண்ணாடிக் கலத்துக்குள் மேகம் செய்யத் தொடங்கினார். அந்த முயற்சியே, கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேகக் கலமாக வளர்ந்து, 1927இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. அடுத்த முறை போகும்போது, கதிரவன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில், எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கையில் உங்கள் மாணவர்களை மேற்கே திரும்பி நிற்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் பனி இருந்தால் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கான வளையத்தைக் கண்டுபிடித்துவிடும்.