போன் இருக்கும்போதே தனியாக ஒரு கையடக்க ஆர்கனைசர் வாங்குவதென்றால், நம் வேலைக்கு ஏற்றதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

போனை எடுத்தாலே கவனம் சிதறுகிறது, அதனால் குறிப்புகளுக்கும் சந்திப்புகளுக்கும் மட்டும் தனியாக ஒரு கருவி வேண்டும், பழைய பாம் (1990களில் வந்த, எழுதுகோலால் திரையில் எழுதும் கையடக்கக் கருவி) வகையில் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாமா அல்லது காகிதம் போலத் தெரியும் இ-இங்க் திரையில் எழுதும் பலகை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மாடல் என்பதற்கு முன்னால் தெரிய வேண்டிய ஒன்றை நீங்கள் சொல்லவில்லை. குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி வந்து சேரும் நேரத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பவரா, நின்றுகொண்டிருப்பவரா? கேள்வியைப் படித்தால் மேசை வேலை பார்ப்பவராகத் தெரிகிறது. அந்த எண்ணத்தில்தான் எழுதுகிறேன்.

நான் லிஃப்ட் பராமரிப்பில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இயந்திர அறைகளில் பெரும்பாலும் உட்கார இடமே இருக்காது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் தோளால் தாங்கிக்கொண்டு, பிரேக் லைனிங் தேய்ந்திருக்கிறது, அடுத்த வாரம் மாற்ற வேண்டும் என்று எழுதி முடித்தால்தான் அடுத்த கட்டடத்துக்குக் கிளம்ப முடியும். இந்த வேலைக்குப் பாம் கருவி பொருந்தியது போல வேறெதுவும் எனக்குப் பொருந்தவில்லை. அதன் முகப்பில் நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பு என்று நான்கு பொத்தான்கள் இருந்தன. அணைந்திருக்கும் நிலையில் நாட்காட்டிப் பொத்தானை அழுத்தினால், கருவி விழிப்பதும் இன்றைய பக்கம் திறப்பதும் ஒரே நேரத்தில் நடந்துவிடும். காத்திருக்க வேண்டியதில்லை, கடவுச்சொல்லைக் கட்டாயமாகக் கேட்பதும் இல்லை. திரைக்குக் கீழே இருந்த எழுதும் கட்டத்தின் இடப்பக்கம் எழுத்துக்கு, வலப்பக்கம் எண்ணுக்கு. ஆங்கில ஏ எழுத்தைக் குறுக்குக்கோடு போடாமல், தலைகீழான வி ஆக ஒரே இழுப்பில் எழுத வேண்டும். கிராஃபிட்டி என்ற இந்த எழுத்துமுறை கை பழகிவிட்டால், திரையைப் பார்க்காமலே ஒரு வரியை எழுதிவிடலாம்.

அதற்கு முன் 1993இல் ஆப்பிள் வெளியிட்ட நியூட்டன் என்ற கையடக்கக் கருவி, நாம் எழுதுகிற கையெழுத்தை எழுதியபடியே புரிந்துகொள்ள முயன்று பலருடைய கேலிக்கு ஆளானது. சட்டைப்பையில் அடங்கும் அளவிலும் அது இல்லை. பாமை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவிக்குப் புரியும்படி எழுதும் சுமையை எழுதுபவர் பக்கம் தள்ளிவிட்டார். கருவி உருவாகும் முன்பே அதே அளவில் ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாராவது சந்திப்புக்கு நேரம் கேட்டால் அதை வெளியே எடுத்து, எழுதுவது போல் பாவனை செய்து பார்த்திருக்கிறார். அதன் பிறகே 1996இல் பைலட் என்ற பெயரில் முதல் பாம் கருவி விற்பனைக்கு வந்தது. நீங்களும் பணம் கொடுக்கும் முன், வாங்க நினைக்கும் கருவியின் அளவில் ஓர் அட்டையை வெட்டி ஒரு வாரம் உடன் வைத்துக்கொண்டு பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. எத்தனை முறை அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்பது எந்த விமர்சனக் காணொளியிலும் கிடைக்காத தகவல்.

பாம்தான் எல்லாருக்கும் உயர்ந்தது என்று நான் சொல்வதாக யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். என்னுடன் பணியாற்றிய ஒருவருக்கு ஆய்வறிக்கை எழுதுவதுதான் முழுநேர வேலை. அவர் வைத்திருந்தது 1997இல் வந்த சியான் சீரிஸ் 5 என்ற, மடித்து மூடும் கையடக்கக் கணினி. மூடியைத் திறந்தால் விசைப்பலகை முன்னால் நகர்ந்து வந்து நிற்கும். பத்து விரலாலும் தட்டலாம். பயணத்திலேயே அறிக்கையை முடித்துவிடுவார். அதை இயந்திர அறையில் நின்றபடி என்னால் திறந்து பிடித்திருக்கவே முடியாது, என்னுடையதில் அவரால் ஒரு பக்க அறிக்கைகூட எழுதியிருக்க முடியாது.

எங்கள் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவுக்கு இந்த வேறுபாடு கடைசிவரை விளங்கவில்லை. அனைவருக்கும் ஒரே கருவி என்று முடிவெடுத்து, வண்ணத்திரை உள்ள ஒன்றை வாங்கி எங்கள் கையில் கொடுத்தார்கள். தேர்வுக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர்கூட இயந்திர அறையின் ஏணியில் ஏறியவர் இல்லை. வெயிலில் மொட்டை மாடிக்குப் போனால் அதன் திரையில் எதுவுமே தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை, அந்தக் காலத்துக் கருவிகள் பெரும்பாலானவை தகவல்களை மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே தாங்கும் நினைவகத்தில் வைத்திருந்ததுதான். பாமிலும் அதே குறை உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதன் தொடக்க மாடல்களுக்குச் சாதாரண டிரிபிள்-ஏ பேட்டரிகள் இரண்டு பல வாரங்களுக்குப் போதும். கணினியோடு இணைத்த தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் கணினியில் நகலாகிவிடும். புதிய கருவியை விடுமுறையில் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டுப் போன ஒரு தொழில்நுட்பர் திரும்பி வந்தபோது, பேட்டரி தீர்ந்துபோய், அது தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் வந்தது போல மொழியையும் தேதியையும் கேட்டுக்கொண்டிருந்தது. கருவியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று அவருக்கு ஒரு விளக்கக் கடிதமும் வந்தது. அந்தக் கருவியைக் கொடுத்தவர்களிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இப்போது உங்கள் இரண்டு தேர்வுகளுக்கு வருகிறேன். பழைய பாமை வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. அதன் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தை மீறித்தான் சொல்கிறேன். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட மாடல்களில் அது இத்தனை ஆண்டுகளில் செத்திருக்கும். கணினிக்கு நகலெடுக்கும் பழைய ஒத்திசைவு மென்பொருளை இன்றைய கணினியில் ஓடவைப்பதே தனி வேலையாகிவிடும். நகல் எடுக்க முடியாத கருவியில் சந்திப்புகளை வைப்பது ஆபத்து. தமிழில் எழுதவும் அதில் வழியில்லை. நானே தமிழ்க் குறிப்புகளை ஆங்கில எழுத்தில்தான் எழுதி வைத்திருந்தேன்.

இ-இங்க் பலகை, உட்கார்ந்து கூட்டங்களில் குறிப்பெடுப்பவருக்கு நல்லது. காட்சி மாறும்போது மட்டுமே அந்தத் திரைக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் பேட்டரி நாள்கணக்கில் நிற்கும், வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் நீங்கள் எழுதுவதை அது படமாக மட்டும் சேமிக்கிறதா, தேடக்கூடிய எழுத்தாக மாற்றுகிறதா, தமிழையும் அப்படி மாற்றுமா என்பதை வாங்கும் முன் உங்கள் கையாலேயே எழுதிப் பாருங்கள். நாட்காட்டியை, மற்ற நாட்காட்டிச் செயலிகளும் படிக்கும் ஐசிஎஸ் கோப்பாகவும் குறிப்புகளைப் பிடிஎஃப் ஆகவும் வெளியே எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

போனே போதும் என்று சொல்ல வருபவர்களுக்கு: சந்திப்பு நேரத்தை ஒலித்து நினைவூட்டுவதில் போனை மிஞ்ச எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். எழுதும் பலகைகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே சந்திப்புகள் போனில் இருக்கட்டும், குறிப்புகளுக்கு மட்டும் பலகையை வாங்குங்கள். உங்கள் நாளில் பாதி நின்றபடியே கழிகிறது என்றால் மட்டும் பெரிய பலகையை விட்டுவிட்டு, ஒரு கையில் பிடிக்கக்கூடிய சிறிய அளவில் தேடுங்கள்.