புது சைக்கிளில் கியர் ஏன் அடம் பிடிக்கிறது? – வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புது சைக்கிளின் கியரைப் பற்றியவை. எழுதியவர்களில் பலர் ஏற்கெனவே ஸ்க்ரூ டிரைவரால் எதையோ திருகிப் பார்த்துவிட்டார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: செயின் எந்தப் பக்கம் போகத் தயங்குகிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் எதையும் திருகாதீர்கள். பின்சக்கரத்தில் கம்பிகளை ஒட்டி இருப்பது பெரிய பல்சக்கரம், மேடு ஏறுவதற்கான லேசான கியர். வெளிப்பக்கம் இருப்பது சிறியது, வேகத்துக்கான கியர். பதில்களில் இந்தப் பெயர்களையே பயன்படுத்துகிறோம்.

வாங்கி மூன்று வாரம் ஆகிறது. முதலில் ஒழுங்காக விழுந்த கியர் இப்போது லீவரை அழுத்தினால் உடனே மாறுவதில்லை. பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போதுதான் இந்தத் தொல்லை. இரண்டு முறை அழுத்தினால் ஒரேயடியாக இரண்டு படி தாண்டுகிறது. வண்டி பழுதா?

வண்டியில் பழுதில்லை. கேபிள் தளர்ந்திருக்கிறது. புது சைக்கிளில் இது ஏறக்குறைய எல்லாருக்கும் வரும்.

‘கேபிள் நீண்டுவிட்டது’ என்பார்கள். எஃகுக் கம்பி அவ்வளவு எளிதில் நீளாது. கம்பியை மூடியிருக்கும் அவுட்டரின் இரு முனைகளும் அவற்றின் மூடிகளுக்குள் நன்றாகப் பதிந்து உட்காரச் சில நாள் ஆகும். அப்படி உட்காரும்போது அவுட்டர் கொஞ்சம் குறுகும், உள்ளே கம்பி அந்த அளவுக்குத் தளரும். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ கம்பெனி 1984-இல் தன் டியூரா-ஏஸ் வரிசையில் ‘கிளிக்’ லீவரைக் கொண்டுவந்தது. அதற்கு முன் பரவலாக இருந்த லீவர்களில், ஓட்டுபவரே காதால் கேட்டு லீவரை முன்னே பின்னே நகர்த்திச் சரியான இடத்தைப் பிடிப்பார். இப்போது ஒரு கிளிக்குக்கு இவ்வளவு கம்பி என்று லீவரே அளந்து இழுக்கிறது. 8 பல்சக்கரம் உள்ள தொகுதியில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 4.8 மி.மீ.தான். 10 உள்ளதில் 4 மி.மீ.கூட முழுதாக இல்லை. கம்பி துளி தளர்ந்தாலும் செயின் பாதி வழியில் நின்றுவிடும்.

சரிசெய்யும் முறை இது. பின்சக்கரம் தரையில் படாதபடி சைக்கிளைத் தூக்கி நிறுத்துங்கள். செயினைச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே லீவரை ஒரே ஒரு கிளிக் அழுத்துங்கள். செயின் இரண்டாவது பல்சக்கரத்துக்கு ஏறவில்லை என்றால், டீரெய்லரில் (பின்சக்கரத்தருகே தொங்கிக்கொண்டு, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் பாகம்) கேபிள் நுழையும் இடத்தில் விரலால் திருகக்கூடிய உருளை இருக்கும், அதுதான் அட்ஜஸ்டர். சில வண்டிகளில் லீவரின் அருகிலும் ஒன்று இருக்கும். அட்ஜஸ்டர் வெளியே வரும் திசையில் திருகினால் கேபிள் இறுகும், உள்ளே போகும் திசையில் திருகினால் தளரும். ஒரு நேரத்தில் கால் சுற்று மட்டும். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பிறகு பெடலைச் சுற்றிப் பாருங்கள்.

செயின் ஏறிவிட்டது என்றவுடன் நிறுத்திவிட வேண்டாம். இரண்டாவது பல்சக்கரத்தில் செயின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்ஜஸ்டரை இன்னும் வெளியே திருகுங்கள். ஒரு கட்டத்தில் செயின் மூன்றாவது பல்சக்கரத்தின் பக்கவாட்டில் உரசி ‘கிர்ர்’ என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் சரியாக நிற்கும் வரை மட்டும் உள்ளே திருகுங்கள். அதுதான் கேபிளின் சரியான இறுக்கம். இதன் பிறகு எல்லாப் பல்சக்கரங்களுக்கும் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

மூன்று நான்கு முழுச் சுற்று திருகியும் போதவில்லை என்றால் அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகிவிட்டு, லீவரைச் சிறிய பல்சக்கரத்தில் வைத்து, டீரெய்லரில் கம்பியைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்திக் கம்பியைக் கையால் இழுத்து மீண்டும் இறுக்குங்கள். பல வண்டிகளில் இதற்கு 5 மி.மீ. ஆலன் கீ போதும். தளர்த்துவதற்கு முன் கம்பி போல்ட்டின் எந்தப் பக்கம், எந்தக் குழியில் அழுந்தியிருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் மாறினால் இழுவையின் அளவே மாறிவிடும், பிறகு எவ்வளவு திருகினாலும் கியர் சேராது.

எனக்கு நேர்மாறு. பெரியதற்கு ஏறுகிறது, சிறியதற்கு இறங்கத் தயங்குகிறது. அட்ஜஸ்டரை உள்ளே திருகினால் இறங்குகிறது, ஆனால் ஏறமாட்டேன் என்கிறது.

இறங்குவது மட்டும் பிரச்சினையாக இருந்தால் கேபிள் அதிகம் இறுகியிருக்கிறது, கால் சுற்று உள்ளே திருகினால் முடிந்தது என்று சொல்லியிருப்போம். ஒன்றைச் சரி செய்தால் மற்றொன்று கெடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் கம்பி அவுட்டருக்குள் சிக்கி நகர்கிறது. ஏறும்போது உங்கள் கட்டைவிரல் வலுவாக இழுக்கிறது. இறங்கும்போது இழுப்பது டீரெய்லருக்குள் இருக்கும் ஸ்பிரிங் மட்டும்தான், அதற்கு அவ்வளவு பலம் கிடையாது.

சோதிக்க ஒரு வழி உண்டு. செயினைப் பெரிய பல்சக்கரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். பிறகு பெடலைச் சுற்றாமல், லீவரை மட்டும் சிறிய பல்சக்கரத்துக்கான நிலைக்குக் கொண்டுவாருங்கள். கம்பி தொளதொளவென்று ஆகும். இப்போது ஃபிரேமில் உள்ள பள்ளங்களிலிருந்து அவுட்டர் துண்டுகளைக் கழற்றிக் கம்பியின் மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். இரண்டு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். (ஃபிரேமுக்குள்ளேயே கேபிள் ஓடும் வண்டிகளில் இது முடியாது, அவற்றைக் கடையில் காட்டுவதே நல்லது.) எந்தத் துண்டு பிடிக்கிறதோ அதன் முனையை உற்றுப் பாருங்கள். புது வண்டியில் பெரும்பாலும் அவுட்டரை வெட்டியபோது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழலின் வாய் நசுங்கியிருக்கும். கம்பியை உருவிவிட்டு ஒரு கூரான ஊசியால் அந்த வாயைத் திறந்துவிட்டாலே போதும். முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தால் நேராக வெட்டி, மூடியைப் போட்டு மாட்டுங்கள்.

ஹேண்டில்பாரை முழுக்க இடதும் வலதும் திருப்பியும் பாருங்கள். திருப்பும்போது கியர் தானாக மாறினால் அவுட்டர் குட்டையாக இருக்கிறது. இன்னொன்று: பிரேக்குக்கான அவுட்டரை கியருக்குப் போட்டுவிடுவதும் நடக்கிறது. கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அழுத்தினால் குறுகாது. வழக்கமான பிரேக் அவுட்டரில் அவை ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும், அழுத்தினால் குறுகும். அதை வைத்துக்கொண்டு கிளிக் கியரை ஒருபோதும் சரிசெய்ய முடியாது.

கேபிளைச் சரிசெய்துவிட்டேன். சிறிய பல்சக்கரங்களில் நன்றாக இருக்கிறது, பெரியவற்றில் சத்தம். பெரியவற்றைச் சரி செய்தால் சிறியவை கெடுகின்றன. வண்டி பெட்டியில் வந்தது, நானேதான் பூட்டினேன்.

பெட்டியில் வந்தது என்றதுமே எங்களுக்குச் சந்தேகம் ஹேங்கர் மேல்தான். டீரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் சின்ன உலோகத் துண்டு அது. அடி விழுந்தால் ஃபிரேமுக்குப் பதிலாகத் தான் வளைந்துகொள்ளட்டும் என்று, கழற்றி மாற்றக்கூடிய ஹேங்கரைப் பெரும்பாலும் மென்மையான அலுமினியத்தில் செய்கிறார்கள். பெட்டி வலப்பக்கமாக ஒரு முறை விழுந்தாலே போதும்.

அதற்கு முன் ஒரு நிமிட வேலை: பின்சக்கரத்தைத் தளர்த்தி, சைக்கிளைத் தரையில் நிற்க வைத்து, அச்சு இரு பக்கமும் ஃபிரேமில் அதற்கான பள்ளத்தின் அடிவரை உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மீண்டும் இறுக்குங்கள். சக்கரம் சாய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

பிறகு சைக்கிளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, உங்கள் கண் டீரெய்லரின் உயரத்தில் இருக்கும்படி பாருங்கள். டீரெய்லரில் உள்ள இரண்டு குட்டிச் சக்கரங்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக, மேலே இருக்கும் பல்சக்கரத்தோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கீழே உள்ளது சக்கரக் கம்பிகளின் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் உள்ளே வளைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவும் கியரைக் கெடுக்கும். அதை அளக்கக் கடையில் தனிக் கருவி உண்டு. டீரெய்லரைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு நீண்ட கையைப் பூட்டி, சக்கரத்தின் விளிம்புக்கு உள்ள இடைவெளியை மேலே, கீழே, முன்னே, பின்னே ஒப்பிடுவார்கள். வித்தியாசம் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் நிமிர்த்த வேண்டும். டீரெய்லரைக் கையால் பிடித்து இழுத்து நிமிர்த்த முயலாதீர்கள். ஹேங்கர் விரிசல் விட்டு ஓடும்போது ஒடிந்தால், டீரெய்லர் கம்பிகளுக்குள் போய்விடும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஹேங்கரின் வடிவம் வேறு. உங்கள் வண்டிக்கு உரியதை இப்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மேட்டில் லேசான கியர் போட்டபோது செயின் பெரிய பல்சக்கரத்தையும் தாண்டிக் கம்பிகளுக்கு இடையே விழுந்துவிட்டது.

சரிசெய்யும் வரை இந்த வண்டியை ஓட்டாதீர்கள். இங்கே நாங்கள் எழுதும் கோளாறுகளில் ஆபத்தானது இதுதான். செயினோ டீரெய்லரோ கம்பிகளில் மாட்டினால் பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும்.

டீரெய்லரில் ‘எச்’, ‘எல்’ என்று எழுதிய இரண்டு லிமிட் ஸ்க்ரூக்கள் இருக்கும். அவை டீரெய்லர் எவ்வளவு தூரம் போகலாம் என்று வேலி போடுகின்றன. எச் சிறிய பல்சக்கரத்தின் பக்கத்துக்கு, எல் பெரியதன் பக்கத்துக்கு. நடுவில் உள்ள கியர்களுக்கும் இவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நடுக் கியரில் சத்தம் வருகிறது என்று இவற்றைத் திருகுவதால்தான் பலருக்குச் செயின் இப்படி விழுகிறது.

ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வளைந்த ஹேங்கரை வைத்துக்கொண்டு எல் ஸ்க்ரூவைத் திருகுவது வீண். நேராக இருந்தால், செயினைப் பெரிய பல்சக்கரத்தில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். மேல் குட்டிச் சக்கரம் அந்தப் பல்சக்கரத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். கம்பிகளின் பக்கம் தள்ளியிருந்தால் எல் ஸ்க்ரூவைக் கடிகார திசையில் கால் கால் சுற்றாக உள்ளே திருகுங்கள். பிறகு பெடலைச் சுற்றிக்கொண்டே டீரெய்லரைக் கையால் கம்பிகளின் பக்கம் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற வேண்டும், எவ்வளவு தள்ளினாலும் அதற்கு மேல் போகக்கூடாது.

லீவர் கடைசிக் கிளிக்குக்கு வந்தாலும் செயின் மிகச் சிறிய பல்சக்கரத்தில் விழுவதில்லை.

கேபிளைப் போல்ட்டிலிருந்து கழற்றிவிட்டுப் பெடலைச் சுற்றுங்கள். இப்போது விழுந்தால் குற்றம் கேபிளின் மேல், இறுக்கம் அதிகம் அல்லது உள்ளே சிக்கல். இப்போதும் விழவில்லை என்றால் எச் ஸ்க்ரூவைக் கடிகார திசைக்கு எதிராகக் கால் சுற்று தளர்த்துங்கள்.

பெடலை அழுத்தி மிதித்தால் செயின் ‘டக்’கென்று துள்ளுகிறது. எல்லாக் கியரிலும். செயின் புதிது, தேய்ந்திருக்க வாய்ப்பில்லை.

எத்தனை சுற்றுக்கு ஒரு முறை துள்ளுகிறது என்று எண்ணுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஒரே இடத்தில் துள்ளினால் முன் பல்சக்கரத்தில் ஒரு பல் வளைந்திருக்கலாம். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு முறை என்றால் அது செயின் முழுதாக ஒரு வட்டம் வரும் கணக்கு, எங்கோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலை மெதுவாகப் பின்பக்கம் சுற்றிக்கொண்டே குட்டிச் சக்கரங்களைப் பாருங்கள். மற்ற கண்ணிகள் வளைந்து நுழையும், அது மட்டும் விறைப்பாக மேலெழும்பி டீரெய்லரின் கீழ்க் கையை ஒரு முறை அசைத்துவிட்டுப் போகும். பெரும்பாலும் செயினை இணைத்த இடமாகத்தான் இருக்கும். அந்தக் கண்ணியின் இரு பக்கமும் கட்டைவிரலை வைத்துப் பக்கவாட்டில் மெதுவாக வளைத்துவிட்டால் தளர்ந்துவிடும்.

மேடு ஏறும் பாதியில், முழு பலத்தோடு மிதிக்கும்போது கியர் மாற்றினாலும் இப்படித் துள்ளும். பல்சக்கரங்களில் செயினைத் தூக்கிவிடுவதற்கென்று சில பற்கள் மட்டும் தனி வடிவில் செதுக்கப்பட்டிருக்கும். அந்தப் பல் செயினுக்கு அடியில் வரும்வரை பெடல் சுற்ற வேண்டும், ஆனால் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். மேடு தொடங்கும் முன்பே மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒரு சுற்றுக்கு மட்டும் கால் அழுத்தத்தைக் குறைத்து மாற்றுங்கள்.

முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னாலும் பெரிய பல்சக்கரம் போட்டால் முன்னால் உரசும் சத்தம் வருகிறது.

செயின் அப்போது குறுக்காக ஓடுகிறது, உரசுவது இயல்புதான். அந்தச் சேர்க்கையைத் தவிருங்கள். முன்னாலும் பின்னாலும் சிறியது என்ற சேர்க்கையும் அப்படித்தான். அதே வேகத்துக்கு நடுவில் வேறு சேர்க்கை கிடைக்கும்.

நேரான கியரிலும் உரசினால் முன் பல்சக்கரங்களுக்கு இடையே செயினை மாற்றும் முன் டீரெய்லரின் கூண்டை, அதாவது செயினுக்கு இரு பக்கமும் உள்ள தகடுகளைப் பாருங்கள். அதன் வெளித் தகடு முன்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தின் பற்களுக்கு 1 முதல் 3 மி.மீ. மேலே, அதற்கு இணையாக இருக்க வேண்டும். முன்னால் சிறியது, பின்னால் பெரியது என்ற நிலையில், உள் தகட்டுக்கும் செயினுக்கும் அரை மி.மீ. இடைவெளி போதும்.

லீவர் பிடிக்கவில்லை. வேறு கம்பெனி லீவர் மாற்றலாமா?

கிளிக் எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதாது. ஒரு கிளிக்குக்கு இழுக்கும் கம்பியின் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஷிமானோ டீரெய்லருக்காக அளந்து செய்யாத எஸ்ராம் லீவரை அதோடு பூட்டினால், ஒரு கியரில் சரியாக நிற்கும், மூன்றாவது கியருக்குள் பல்சக்கரங்களுக்கு நடுவில் நிற்கும். ஒரே கம்பெனியிலும் எல்லா வரிசையும் ஒன்றோடொன்று சேராது. டீரெய்லரின் உள்பக்கத்தில் பொறித்திருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் என்று தயாரிப்பாளரின் பட்டியலில் உள்ள லீவரை மட்டும் வாங்குங்கள்.