ஏற்காட்டு உச்சியும் அம்மாபேட்டைத் தறியும்: ஹாம் ரேடியோ கேள்வி பதில்

சேலத்தில் ஹாம் ரேடியோ (லைசென்ஸ் பெற்று, பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோ செட்டில் மற்றவர்களோடு பேசுவது) பழக வருகிறவர்களும், லைசென்ஸ் வாங்கிப் பல வருடம் ஆனவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் கிளப்பில் புதியவர்களைப் பழக்கிவிடும் மூத்த உறுப்பினர்.

சார், நான் பிளஸ் டூ காமர்ஸ் குரூப். எலெக்ட்ரானிக்ஸ் ஒன்றும் தெரியாது. பரீட்சை பாஸ் பண்ண முடியுமா?
(மாணவர், அஸ்தம்பட்டி)

தாராளமாக முடியும் தம்பி. 12 வயது ஆகியிருந்தால் போதும், எந்தக் குரூப் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு கிரேடு இருக்கிறது. ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் (தந்திக் குறியீடு) கிடையாது. ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும். முதலாவதை எழுதினால் வி.யூ.3 என்று தொடங்கும் கால் சைன் (காற்றில் உன் அடையாளப் பேர்), இரண்டாவதற்கு வி.யூ.2. தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணத்தையும் அங்கேயே பார்த்துக்கொள், நண்பர்கள் சொல்லும் பழைய தொகையை நம்பாதே.

பாடம் இரண்டு பகுதி: ரேடியோ தியரி ஒன்று, விதிமுறைகள் ஒன்று. சயன்ஸ் பசங்கள் இரண்டாவதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் போய் அங்கேதான் மார்க்கை விடுகிறார்கள். காமர்ஸ் படிக்கிற உனக்கு அது கைவந்த கலையாக இருக்கும். தியரிக்கு உன்னைப் போன வருடம் பாஸ் செய்த ஒரு பையனோடு உட்காரவைப்போம். நாற்பது வருட அனுபவசாலி ஓம் விதியைச் சொல்ல ஆரம்பித்தால் மாக்ஸ்வெல் சமன்பாடுகள் வரைக்கும் போய்விடுவார். எந்த இடத்தில் தலை சுற்றும் என்பது அண்மையில் சுற்றியவனுக்குத்தான் நினைவிருக்கும்.

பட்டறைக்கும் கடைக்கும் நடுவில் பேச ஆன்லைனில் இரண்டு சீன வாக்கிடாக்கி வாங்கினேன். ஹாம் லைசென்ஸ் எடுத்துவிட்டால் சட்டப்படி சரியாகிவிடுமா?
(வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், செவ்வாய்ப்பேட்டை)

ஆகாதுங்க. ஹாம் அலைவரிசையில் வியாபாரம் பேசவே கூடாது, ‘ரெண்டு கிலோ கொலுசு அனுப்பு’ என்பதுகூட வியாபாரம்தான். உங்கள் தேவைக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் மட்டும் வேலை செய்கிற, அனுமதி பெற்ற குறைந்த சக்திச் செட் இருக்கிறது. அதற்கு லைசென்ஸ் வேண்டாம். மற்ற செட்டுகளை விவரம் சொல்லாமல் விற்பது பெருகிப்போய், 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டுதல் போட்டது. வாங்கியதை இப்போதைக்கு அணைத்து வையுங்கள்.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு வாங்க. பற்றவைப்பதில் உங்கள் பட்டறைக் கைகளுக்கு இருக்கிற நிதானம் எங்களில் பாதிப் பேருக்குக் கிடையாது. ஆன்டெனா கேபிளின் நுனியில் வரும் பி.எல்.-259 கனெக்டரைச் சூடு ஏறவைத்துப் பிசகில்லாமல் பற்றவைக்க நீங்கள் எங்கள் பசங்களுக்குச் சொல்லித் தரலாம்.

ஏற்காடு ஏரிப் பக்கத்தில் இருந்து சிறிய ஹேண்டியில் (கையடக்கச் செட்டில்) நாமக்கல் வரை பேசுகிறார்கள். மலையின் பின்சரிவில் இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் சேலமே கேட்பதில்லை. ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வைத்தால் தீருமா?
(காபித் தோட்ட மேலாளர், சேர்வராயன் மலை)

உங்கள் செட்டில் கோளாறு இல்லை, குறுக்கே நிற்பது மலை. 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய பார்வைக்கோட்டில்தான் போகும். ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலே, சேலம் டவுன் 280 மீட்டர் அளவில். வித்தியாசம் 1,200 மீட்டர் என்று வைத்தால், தடை இல்லாத திசையில் ரேடியோ அடிவானம் கணக்குப்படி 140 கிலோமீட்டர் சொச்சம். அதனால்தான் தெற்கு விளிம்பில் நிற்பவர் ஐந்து வாட்டில் ராஜாவாகிறார். உங்களுக்கும் சேலத்துக்கும் நடுவிலோ முழுப் பாறை.

ரிப்பீட்டர் தீர்வுதான், ஆனால் அதை நான் அவசரப்பட்டுப் பரிந்துரைக்க மாட்டேன். தனி அனுமதி, இடம், பேட்டரி, இடிதாங்கி எல்லாம் வேண்டும். அதைவிட முக்கியம், சித்திரை மாத இடிமழை இரவில் அது செத்துப்போனால் மறுநாள் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்கு ஆள் வேண்டும். திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டம் ஃபியூஸ் மாற்ற வராது.

அதற்கு முன் செலவில்லாத வழி ஒன்று. 40 மீட்டர் பேண்டில், அதாவது 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை, டைபோல் (நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் சமநீளக் கம்பி உள்ள ஆன்டெனா) ஒன்றைத் தாழ்வாகக் கட்டுங்கள். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும், 7.1க்கு 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. தோட்டத்தில்தான் சில்வர் ஓக் வரிசையாக நிற்கிறதே, இரண்டு மரத்துக்கு நடுவில் நான்கைந்து மீட்டர் உயரத்தில் இழுத்துக் கட்டினால் போதும். உயரம் குறைவாக இருப்பதால் அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய், அயனமண்டலத்தில் பட்டு, குடை விரித்தது போல் சுற்றிலும் இறங்கும். மலை குறுக்கே இருப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பகலில் சேலம், ஈரோடு, திருச்சி, சென்னை எல்லாம் கிடைக்கும். கம்பியைப் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள், எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (ஆன்டெனாவில் இருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டுவது) பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.

ஒரு வேண்டுகோள்: இதை நீங்களே கட்டி முடித்துவிடாதீர்கள். தேதி சொல்லுங்கள், புதுப் பசங்கள் நான்கு பேரை அழைத்து வருகிறேன். மீட்டர் முள் இறங்குவதைத் தன் கண்ணால் பார்த்தவனுக்கு ஆன்டெனா பாடம் மறுபடி நடத்த வேண்டியதில்லை. மதியச் சாப்பாடு மட்டும் உங்கள் பொறுப்பு. மேகம் கூடும்போதே, இடி நெருங்குவதற்கு முன், கோ-ஆக்ஸை (செட்டையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிளை) கழற்றி வெளியே போட வேண்டும், இது அங்கே வேலை செய்பவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

ராத்திரியானால் செட்டில் ஒரே இரைச்சல். பக்கத்தில் விசைத்தறி. புகார் கொடுக்கலாமா?
(அம்மாபேட்டை)

முதலில் உங்கள் வீட்டு மெயினை அணைத்து, செட்டைப் பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் நம் வீட்டு எல்.ஈ.டி. பல்பும் மொபைல் சார்ஜரும்தான் குற்றவாளி. அப்படியும் போகவில்லை என்றால், தறிக்காரரிடம் புகாரோடு போகாதீர்கள், ஒரு ஃபெரைட் வளையத்தோடு (மின்கம்பியில் மாட்டினால் இரைச்சலைக் குறைப்பது) போங்கள்.

பையன் பிளஸ் ஒன். இதில் இறங்கினால் படிப்பு கெடுமா?
(பெற்றோர், சூரமங்கலம்)

கையில் போன் இருப்பதைவிடக் குறைவாகத்தான் கெடும். பரீட்சைக்கு முந்தைய மாதம் நாங்களே அவனை வரவேண்டாம் என்று அனுப்பிவிடுவோம்.

லைசென்ஸ் வந்து மாதங்கள் ஆகிவிட்டன. சாயங்கால நெட்டை, அதாவது எல்லோரும் ஒரே அலைவரிசையில் முறைவைத்துப் பேசும் கூட்டத்தை, தினமும் கேட்கிறேன். எல்லாம் ஆண் குரல். மைக்கைக் கையில் எடுத்தால் நெஞ்சு படபடக்கிறது. என் முறை தாண்டிப் போய்விடுகிறது.
(இல்லத்தரசி, அம்மாபேட்டை)

அம்மா, இந்தப் படபடப்பு மீசை வைத்தவர்களுக்கும் உண்டு, அவர்கள் சொல்வதில்லை. தப்பு உங்களுடையது இல்லை, நெட் நடத்துகிற விதத்தினுடையது. மூத்தவர்களின் பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொருவரும் தன் ரிக்கின் (செட்டின்) கதையைச் சொல்லி முடித்து, கடைசியில் ‘புதியவர்கள் யாராவது?’ என்று கேட்டால், அரை மணி நேரம் காத்திருந்தவருக்குத் தொண்டை வறண்டிருக்கும். புதியவரை முதலில் அழைக்க வேண்டும். அதுவும் பொதுவாக அழைக்கக் கூடாது, கால் சைன் சொல்லி அழைக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு வழி. ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: அவர் கால் சைன், உங்கள் கால் சைன், பேரும் ஊரும், அவர் சிக்னல் எப்படிக் கேட்கிறது. அதோடு ‘73’ (வாழ்த்துகள்) சொல்லி முடித்துவிடலாம், அதுவே ஒரு முழு க்யூ.எஸ்.ஓ., அதாவது முழு உரையாடல். பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், இல்லையென்றால் முதல் எழுத்து விழுங்கப்படும். அதற்கும் முன்பு, நெட்டுக்கு வெளியே, வேறு அலைவரிசையில் ஒரே ஒருவருடன் பேசிப் பழகுங்கள். கிளப்பில் லைசென்ஸ் உள்ள ஓர் அம்மா இருக்கிறார், முதல் தடவை அவர் உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவார். மைக்கை வாங்கிப் பேசமாட்டார், சும்மா உட்காருவார். நான் பார்த்தவரைக்கும் அதுதான் வேலை செய்கிறது.

ஆண் குரல் என்றீர்களே, 2004 டிசம்பரில் அந்தமானில் ஹாம் நிலையம் நடத்தக் குழுவை அழைத்துப் போனவர் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. 26ஆம் தேதி சுனாமி வந்ததும் அதே செட்டுகளைக் கொண்டு, தொடர்பு அறுந்துபோன தீவுகளின் செய்திகளை வெளியே அனுப்பினார்கள்.

நெட்டில் நான் தவறாகச் சொன்னதை எல்லோர் காதிலும் விழும்படி ஒரு சீனியர் திருத்தினார். இனி போகவே பிடிக்கவில்லை.
(ஆத்தூர்)

போங்க. திருத்தம் போனில் சொல்லவேண்டியது, காற்றில் இல்லை. யாரென்று நான் கேட்கவில்லை, ஆனால் இதை அவரும் படிப்பார்.

முப்பது வருடமாக ஹாம். பசங்கள் வருகிறார்கள், லைசென்ஸ் வாங்குகிறார்கள், காணாமல் போகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்பது என் கருத்து. உங்கள் கருத்து?
(மூத்த உறுப்பினர், ஓமலூர்)

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், மாறுபடுகிறேன். பொறுமை இல்லாத பையன் பரீட்சை எழுதி, சான்றிதழுக்குக் காத்திருந்து, பிறகு லைசென்ஸுக்குக் காத்திருந்து மாதக்கணக்கில் தள்ளியிருக்க மாட்டான். நாம் அவனை இழப்பது அந்தக் காத்திருப்பில்தான். அவன் பேச முடியாது, நாமும் அவனை மறந்துவிடுகிறோம். கூட்டத்துக்கு வந்தால் நாம் வட்டமாக உட்கார்ந்து வால்வு செட் காலத்துக் கதை பேசுகிறோம். அவனுக்கு ஒரு டீயும் ‘நல்லா படி’ என்ற ஆசீர்வாதமும்.

அவன் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். பேட்டரி சார்ஜ் நோட்டு அவனுடையது, நெட்டில் யார் யார் வந்தார்கள் என்ற பதிவு அவனுடையது. அவன் வராவிட்டால் அந்த வாரம் நோட்டு வெறுமையாக இருக்க வேண்டும், நாம் எழுதிவிடக் கூடாது. லைசென்ஸ் வந்த சில வாரத்தில் நெட் கண்ட்ரோலையே, அதாவது நெட்டை நடத்தும் பொறுப்பையே, கொடுங்கள், தடுமாறட்டும். ஏற்காட்டில் ஃபாக்ஸ் ஹண்ட் வையுங்கள்: லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் சின்ன டிரான்ஸ்மிட்டரோடு ஒளிந்துகொள்ள, மற்றவர்கள் பி.வி.சி. குழாயில் இரும்பு அளவு டேப்பை வெட்டிக் கட்டிய யாகி ஆன்டெனாவை வைத்துத் திசை பார்த்துத் தேடுவது. மேட்டில் ஏறி இறங்க நம் மூட்டு விடாது, அங்கே பசங்கள்தான் ஜெயிப்பார்கள். ஜெயிக்கிற இடத்துக்குத்தான் ஆள் திரும்ப வருவான்.

1924இல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கி, அந்த ஜூலையிலேயே ஒலிபரப்பினார்கள். பணம் இல்லாமல் 1927இல் நிறுத்தவேண்டி வந்தது. கருவியை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930இல் ஒலிபரப்பு மறுபடி தொடங்கியது. தன் பேர் போனாலும் கருவி அடுத்தவர் கைக்குப் போகட்டும் என்று விட்டார்களே, அந்த மனசு நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம். நம் கிளப் அலமாரியின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது, சொல்லுங்கள்?

மலைப்பாதையில் மண் சரிந்தால் நாம் உடனே செட்டோடு கிளம்பலாமா?
(ஏற்காடு)

அழைக்காமல் கிளம்பாதீர்கள், ஜீப்புக்கு வழி விடுவதும் உதவிதான். மாவட்ட நிர்வாகம் கூப்பிடும் நாளில் பயன்படுவது வாட் இல்லை, பழக்கம். எண்ணையும் ஊர்ப் பேரையும் பிசகாமல் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கத் தெரிய வேண்டும். மாதம் ஒரு நெட்டைப் பேட்டரியில் மட்டும் நடத்துங்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர், இருபது வரிச் செய்தி ஒன்று. கீழே எழுதியதை மேலே எழுதியதோடு ஒப்பிட்டால் யாருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தமிழில் பேசலாமா?
(மேச்சேரி)

உள்ளூர் நெட்டில் தமிழ்தான். கால் சைனை மட்டும் ஆங்கில எழுத்தில், ‘விக்டர் யூனிஃபார்ம்’ என்று தெளிவாக, தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லிவிடுங்கள்.