கிட்ஹப்பும் எஸ்எஸ்எச் திறப்பும்: கேள்வி பதில்

போன சனிக்கிழமை வகுப்பில் கிட்ஹப் (புரோகிராம் கோட் சேமித்து வைக்கும் இணையத்தளம்) கணக்குத் திறந்தவர்களில் பாதிப்பேர், வீட்டுக்குப் போய் கோட் ஏற்ற முடியாமல் மாட்டுப்பட்டிருக்கிறீர்கள். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்குத்தான் விளக்கம்.

கின்னியா, உயர்தர மாணவி: சேர், கிட் புஷ் அடித்தால் பாஸ்வேட் கேட்குது. சரியாகத்தான் அடிக்கிறேன், ஏற்குதில்லை. கணக்கு முடங்கிட்டுதா?

கணக்குக்கு ஒன்றுமில்லை, தங்கச்சி. கிட் என்பது கோட்டில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்; புஷ் என்றால் அவற்றை கிட்ஹப்புக்கு ஏற்றுவது. 2021 ஆகஸ்ட் 13இலிருந்து கிட் வேலைகளுக்குக் கணக்குப் பாஸ்வேட்டை கிட்ஹப் ஏற்பதில்லை. நீங்கள் பார்த்த யூரியூப் வீடியோ அதற்கு முந்தினதாக இருக்கும். பாஸ்வேட்டுக்குப் பதிலாக டோக்கன் (கிட்ஹப் உருவாக்கித் தரும் நீண்ட இரகசியக் குறியீடு) கொடுக்கலாம், இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் கீ. எஸ்எஸ்எச் என்பது தூரத்துக் கணினியோடு பாதுகாப்பாகப் பேசும் முறை; கீ அதற்கான திறப்பு. நான் சொல்லித்தருவது இரண்டாவதை.

விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து 'எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். எங்கே சேமிக்க என்று கேட்கும்; பெயரை மாற்றாமல் என்டர். பிறகு பாஸ்ஃப்ரேஸ், அதாவது கீயைக் காக்கும் இரகசியச் சொல், கேட்கும். அதை அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்ட் பழுதென்று நினைத்து வகுப்பில் ஒருவர் வயரைக் கழற்றி ஊதிப் பார்த்தார். நீங்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போங்கள்.

முடிந்ததும் இரண்டு கோப்பு இருக்கும். பெயர் 'பப்' என்று முடிவது பப்ளிக் கீ, அதாவது பொதுத் திறப்பு. அதை நோட்பேடில் திறந்தால் ஒரேயொரு நீட்டு வரி, கடைசியில் உங்கள் கணினியின் பெயர். அதை முழுசாகக் கொப்பி பண்ணி, கிட்ஹப் செட்டிங்ஸில் எஸ்எஸ்எச் கீ பகுதியில் ஒட்டுங்கள். 'பப்' இல்லாத மற்றக் கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே வரக்கூடாது. எனக்குக்கூட அனுப்ப வேண்டாம்.

இன்னொன்று. ரிப்போவை (உங்கள் கோட் இருக்கும் களஞ்சியம்) எச்டிடிபிஎஸ் முகவரியில் எடுத்திருந்தால், கீ செய்த பிறகும் பாஸ்வேட்தான் கேட்கும். 'கிட் ரிமோட் செட்-யூஆர்எல்' கொடுத்து எஸ்எஸ்எச் முகவரிக்கு மாற்றுங்கள்.

மூதூர்: அண்ணை, 'பெர்மிஷன் டினைட், பப்ளிக்கீ' என்று வருது.

கீயை வேறு பெயரில் சேமித்திருப்பீர், தம்பி. வழக்கமான பெயர் இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் தானாகத் தேடி எடுக்காது. அல்லது கிட்ஹப்பில் ஒட்டவே மறந்திருப்பீர். 'எஸ்எஸ்எச் -வி கிட்@கிட்ஹப்.கொம்' என்று ஆங்கிலத்தில் அடித்து ஓட்டும். எந்தெந்தக் கோப்பை நீட்டிப் பார்க்குது என்று அதுவே சொல்லும்.

உப்புவெளி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: 'பப்ளிக் கீ'யைப் பொதுத் திறப்பு என்கிறீர்கள். வீட்டுத் திறப்பை ஊருக்கெல்லாம் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள், ஐயா. அதற்குத் திறப்பு என்று பெயர் வைத்ததுதான் பாதிப் பிழைக்குக் காரணம். அதை ஆமைப்பூட்டு என்று நினையுங்கள். பூட்டை யாரிடமும் கொடுத்து வைக்கலாம், திறப்பு (அந்த 'பப்' இல்லாத கோப்பு) உங்கள் மடியில்.

நிலாவெளி, மென்பொருள் வேலை: பூட்டு உவமை பிழை. சேவர் எதையும் பூட்டி அனுப்புவதில்லை. நாங்கள் கையொப்பம் வைக்கிறோம், அது சரிபார்க்குது.

பாதி ஒத்துக்கொள்கிறேன். 1995இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ பாஸ்வேட்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதால்தான், அங்கிருந்த டாட்டு யுலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். அந்த முதற்பதிப்பில் என் பூட்டு அப்படியே பொருந்தும்: சேவர் ஓர் எண்ணை உங்கள் பப்ளிக் கீயால் பூட்டி அனுப்பும், திறந்ததை நிரூபித்தால் உள்ளே விடும். இப்போது ஓடும் இரண்டாம் பதிப்பில் நீங்கள் சொல்வதுதான் சரி.

ஆசிரியர் ஐயா மறுபடி: அப்படியென்றால் வங்கியில் கொடுத்து வைக்கும் மாதிரிக் கையொப்பம்தானே?

அழகான உவமை, என்னுடையதைவிட நல்லது. ஒரு ஓட்டைதான்: மாதிரியைப் பார்த்துக் கள்ளக் கையெழுத்துப் பழகலாம். பப்ளிக் கீயை வருடக்கணக்காக முறைத்துப் பார்த்தாலும் அந்தக் கையெழுத்து வராது.

நிலாவெளி மறுபடி: அப்ப முத்திரை மோதிரம் என்று சொல்லலாமே?

அரக்கில் பதிந்த அச்சைப் பார்த்து நல்ல பத்தர் மோதிரம் செய்துவிடுவார். விடுங்கோ, இப்படியே போனால் திருகோணமலைக் கோட்டை மான்களும் ஆளுக்கொரு உவமையோடு வந்து நிற்கும்.

தம்பலகாமம்: 'பெர்மிஷன் டினைட்' வருது.

மூதூர்த் தம்பிக்குச் சொன்னது.

சீனக்குடா: பாஸ்வேட் ஏற்குதில்லை.

கின்னியாத் தங்கச்சியின் பதில். மேலே இருக்கிறது. மேலே.

ஹோட்டல் வரவேற்பில் வேலை: வீட்டில் சரி. ஹோட்டல் வைஃபையில் மட்டும் அப்படியே நின்றுபோகுது.

எஸ்எஸ்எச் போகும் 22ஆம் போர்ட்டை (இணைப்பு போய்வரும் இலக்கமிட்ட வாசல்) அங்கே அடைத்திருப்பார்கள். கிட்ஹப் 443ஆம் போர்ட்டிலும் எஸ்எஸ்எச் தருகிறது. எஸ்எஸ்எச்சின் கொன்ஃபிக் (அமைப்பு) கோப்பில் ஹோஸ்ட்நேமை 'எஸ்எஸ்எச்.கிட்ஹப்.கொம்' என்றும் போர்ட்டை 443 என்றும் போடுங்கள்.

பாலையூற்று: வட்ஸ்அப்பை யாரோ ஹக் பண்ணிட்டாங்கள்.

என் கடையில் அந்தச் சாமான் இல்லை.

மூன்று நண்பர்கள்: ஒரே புரொஜெக்ட். ஒரு கீயைச் செய்து மூன்று பேரும் வைத்திருக்கலாமா?

வேண்டாம். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ஏழு பேருக்கு ஒரே கீ, அதுவும் வட்ஸ்அப் குழுவில் போட்டு வைத்தது. ஒருவர் விலகிப் போனார், கீயும் அவரோடு போனது. அதை மாற்றப் போனால் ஏழு கணினியிலும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். இரண்டு பேர் விடுமுறையில். மூன்று வாரம் பழைய கீயே ஓடியது. ஆளுக்கொரு கீ செய்யுங்கள், கணினி இரண்டென்றால் கீயும் இரண்டு. ஒன்று தொலைந்தால் அதை மட்டும் நீக்கலாம். 'பப்' இல்லாத கோப்பு வெளியே வரக்கூடாது என்று சொன்னேனா? இன்னொருக்கால் சொல்கிறேன்.

பெயர் வேண்டாம் என்றவர்: அந்தக் கோப்பு தவறுதலாக ரிப்போவில் ஏறிட்டுது. உடனே அழித்துவிட்டேன். போதும்தானே?

போதாது. நீங்கள் அழித்தாலும் கிட் பழைய கொமிட்டில் (முன்பு பதிந்த பிரதியில்) வைத்திருக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை, கிட்ஹப்பின் சொந்த ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயே (அதன் சேவரை அடையாளம் காட்டும் இரகசியக் கீ) கொஞ்ச நேரம் ஒரு பொது ரிப்போவில் தெரிந்துவிட்டது. 2023 மார்ச் 24இல் அதை மாற்றினார்கள். பழைய கீயை நினைவில் வைத்திருந்த கணினிகளில் 'சேவரின் அடையாளம் மாறிவிட்டது' என்ற எச்சரிக்கை வந்து எத்தனையோ பேர் பதறினார்கள். அவ்வளவு பெரிய இடமே மாற்றியது என்றால் நீங்களும் மாற்றத்தான் வேண்டும். அந்தக் கீயை செட்டிங்ஸில் இப்பவே நீக்குங்கள், பிறகு சாப்பிடலாம்.

கின்னியாத் தங்கச்சி மறுபடி: சேர், ஏறிட்டுது! ஆனால் லப்டொப்பை மூடித் திறந்தேன், பாஸ்ஃப்ரேஸ் மறந்துபோச்சு.

அதை மீட்க வழியில்லை. புதுக் கீ செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை. பழசை கிட்ஹப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.